வேல்ஸ் எல்லையோரப் பாரிஷில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவில் சோதனைச் சாவடி கிடையாது. சில இடங்களில் ஓர் ஓடை எல்லை, சில இடங்களில் மலைமுகடு, சில இடங்களில் வெறும் வயல் வரப்பு. சாலையோரப் பலகையைப் பார்த்தால்தான் நாடு மாறியதே தெரியும். ஆனால் அந்த ஓரத்தில் இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு விவசாயியின் காகிதங்களைத் தேடிப் பாருங்கள், அந்தக் கோடு எவ்வளவு வேலை வாங்கும் என்று புரியும். ஞானஸ்நானப் பதிவு ஓர் ஊரில், உயில் மலைகளைத் தாண்டி இன்னோர் ஊரில், வழக்குக் கட்டு லண்டனில்.

பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள் சிலருக்கு இந்தத் தேடல் சம்பந்தம் வழியாக வருகிறது. மருமகளோ மருமகனோ அந்தப் பக்கத்துக் குடும்பம். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்க வேரையும் எழுதி வைக்க ஆசை. ஹெரிஃபோர்ட், அபர்கவென்னி மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போனவர்களில், குடியிருக்கும் ஊரின் பழங்கதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் வழி ஒன்றுதான்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். ‘ஜான் வாட்கின்ஸ்’ என்று தட்டி, வந்து குவியும் முடிவுகளைப் பார்த்து மலைத்துப்போகிறார்கள். எல்லையோரத்தில் அந்த வழி எடுபடாது. அந்த வருடத்தில் அந்தப் பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) யாருடைய அதிகாரத்தில் இருந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். காகிதம் அதிகாரம் இருந்த இடத்துக்குப் போயிருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

விளக்குவதற்கு ஒரு நிஜப் பாரிஷை எடுத்துக்கொள்கிறேன்: கிளாடாக். ஹெரிஃபோர்ட்ஷயரின் தென்மேற்கு மூலையில், பிளாக் மவுண்டன்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், மன்னோ ஆற்றங்கரையில் இருக்கிறது. லாங்டவுன், கிராஸ்வால், லான்வீனோ ஆகிய ஊர்களும் பழைய கிளாடாக் பாரிஷுக்குள் அடங்கியவை. மேற்கே ஹாட்டரல் மலைமுகட்டில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் வேல்ஸ்.

முதலில் வீட்டிலிருந்து

இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்லும், நானும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் பிறப்பு இறப்பு எழுதியிருக்கிறதா பாருங்கள். பழைய புகைப்படத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். இறுதிச்சடங்கு அட்டை, ராணுவ மெடல், பண்ணைக் கணக்கு நோட்டு எதையும் ஒதுக்காதீர்கள். எல்லையோரக் குடும்பம் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அவர்கள் எந்தப் பண்ணையில் இருந்தார்கள்?’ பண்ணையின் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கீழே வரும்.

அதிகார அட்டவணை போடுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு), பேராயம் (ஒரு பேராயரின் சபை நிர்வாக எல்லை), பதிவு மாவட்டம், நீதிமன்றம். ஒவ்வொன்றிலும் எந்த வருடம் எது மாறியது என்று குறியுங்கள். கிளாடாக்குக்கு அது எப்படி வரும் என்று பார்ப்போம்.

கவுண்டி: இந்தப் பகுதி முன்பு யூயஸ் லேசி என்ற எல்லைப் பிரபுத்துவமாக இருந்தது. நார்மன் பிரபுக்கள் அரசருக்கு அதிகம் பதில் சொல்லாமல் ஆண்ட நிலம். லாங்டவுனில் அவர்களுடைய வட்டக் கோபுரக் கோட்டை இன்றும் நிற்கிறது. 1535ஆம் வருடச் சட்டம் எல்லைப் பிரபுத்துவங்களைக் கலைத்து இதை ஹெரிஃபோர்ட்ஷயரோடு சேர்த்தது. அன்றிலிருந்து சட்டப்படி இங்கிலாந்து.

பேராயம்: இங்கேதான் ஆள் கவிழ்வார். நிலம் இங்கிலாந்துக்கு வந்த பிறகும் கோயில் (தேவாலய) நிர்வாகம் வேல்ஸிலேயே இருந்தது. கிளாடாக்கும் அதன் அக்கம்பக்கத்துப் பாரிஷ்களும் 1852 வரை செயின்ட் டேவிட்ஸ் பேராயத்தில், பிரெக்கன் உட்பிரிவின் கீழ் இருந்தன. அதன் பிறகே ஹெரிஃபோர்ட் பேராயத்துக்கு மாற்றப்பட்டன. அதனால் பேராயருக்குப் போன பழைய காகிதங்களை ஹெரிஃபோர்டில் தேடிப் பயனில்லை. செயின்ட் டேவிட்ஸ் பேராய ஆவணங்கள் மேற்குக் கடற்கரையில், அபரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

வேறு பாரிஷில் இது தலைகீழாகவும் இருக்கும். ஷ்ராப்ஷயரின் ஆஸ்வெஸ்ட்ரி வட்டாரம் இங்கிலாந்து மண், ஆனால் பழைய கோயில் நிர்வாகம் வேல்ஸின் செயின்ட் ஆசாஃப் பேராயம். ராட்நார்ஷயரின் பிரெஸ்டீன் வேல்ஸ் ஊர், ஆனால் பேராயம் ஹெரிஃபோர்ட். இங்கிலாந்துச் சபைக்கு வேல்ஸில் இருந்த அரசுச் சபை என்ற அந்தஸ்தை நீக்கும் சட்டம் 1914இல் வந்து 1920இல் நடைமுறைக்கு வந்தபோது, எல்லையின் மேலேயே கிடந்த பாரிஷ்களில் ‘எந்தச் சபையோடு இருக்கிறீர்கள்?’ என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள். பெரும்பாலானவை இங்கிலாந்துச் சபையோடு இருந்துகொண்டன.

பதிவு மாவட்டம்: 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதிவு செய்தது. அதற்கான மாவட்டங்களைக் கவுண்டி பார்த்துப் பிரிக்கவில்லை. சந்தை ஊர்களை மையமாகக் கொண்ட ஏழைகள் நிவாரணச் சங்கங்களை ஒட்டிப் பிரித்தார்கள். கிளாடாக் விழுந்தது டோர் மாவட்டத்தில். கொஞ்சம் வடக்கே ஹெரிஃபோர்ட்ஷயரின் கஸப்பில் பிறந்த குழந்தையோ, ஓடைக்கு அந்தப் பக்கம் வேல்ஸில் இருக்கும் ஹே என்ற ஊரின் பெயரில் பதிவாகும். கிங்டன் மாவட்டம் ராட்நார்ஷயர் பாரிஷ்களையும் இழுத்துக்கொண்டது.

நீதிமன்றம்: வேல்ஸுக்கு 1543 முதல் 1830 வரை ‘கிரேட் செஷன்ஸ்’ என்ற தனி நீதிமன்றம் இருந்தது. ஹெரிஃபோர்ட்ஷயர் அதற்குள் வராது. மான்மத்ஷயரும் வராது! வேல்ஸ் என்று நாம் நினைக்கும் மான்மத்ஷயரைச் சட்டப் புத்தகங்கள் நீண்ட காலம் இரண்டும் கெட்டானாகவே வைத்திருந்தன. அந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1972ஆம் வருடச் சட்டம்தான்.

இந்தத் தாளை முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஜெனுகி என்ற இலவசத் தளத்தில் பெரும்பாலான பாரிஷ்களுக்குத் தனிப்பக்கம் இருக்கிறது. ஆரம்பிக்க அது நல்ல இடம். இந்த வேலையைத் தாண்டிக் குதித்து நேராகக் கட்டணத் தளத்தில் பணம் கட்டுவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

சான்றிதழும் சென்சஸும்

1837க்குப் பிந்தைய சிவில் பதிவு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒன்றே. இந்த ஒரு விஷயத்தில் எல்லை தொல்லை தராது. பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் ஆரம்ப வருடங்களிலிருந்தே பிறப்புக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும், இறப்புக்கு வயதும் கிடைக்கும். பழைய அச்சு அட்டவணையில் தாயின் அந்தப் பெயர் 1911க்குப் பிறகுதான் வரும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் தாயின் பெயர்தான் கைகொடுக்கும். ஃப்ரீபிஎம்டி தளமும் இலவசம். திருமணங்களுக்கு அதைப் பாருங்கள்.

சென்சஸில் பெயர்வாரியாகப் பார்க்க முடிவது 1841 முதல் 1921 வரை. 1931ஆம் வருடத்தது தீயில் எரிந்துபோனது, 1941இல் எடுக்கவே இல்லை. அந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 1939 செப்டம்பரில் போர்க்கால அவசரத்தில் எடுத்த பதிவேடு.

எல்லையோரத்தில் சென்சஸை வாசிக்கும்போது மூன்று இடங்களில் நின்று நிதானியுங்கள். ஒன்று, 1841. அதில் பிறந்த ஊர் இல்லை. ‘இதே கவுண்டியில் பிறந்தவரா?’ என்பதற்கு ஆம் இல்லை என்ற பதில் மட்டும். மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மைலில் பிறந்தவருக்கும் ‘இல்லை’, லண்டனில் பிறந்தவருக்கும் ‘இல்லை’. அதை வைத்து ‘எங்கிருந்தோ வந்தவர்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்தே எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

இரண்டாவது, பிறந்த ஊர். 1851 முதல் பாரிஷ் பெயர் வருகிறது. ஆனால் அதே ஆள் ஒரு சென்சஸில் கிளாடாக் என்பார், அடுத்ததில் லாங்டவுன் என்பார், அதற்கடுத்ததில் கிராஸ்வால் என்பார். மூன்றும் பொய்யில்லை. கிளாடாக் தாய்ப் பாரிஷ், மற்றவை அதற்குள் இருந்த கிளை ஊர்கள்.

மூன்றாவது, மொழி. 1891 முதல் ‘வேல்ஷ் பேசுவாரா, ஆங்கிலமா, இரண்டுமா?’ என்ற கேள்வி படிவத்தில் வந்தது. வேல்ஸிலும் மான்மத்ஷயரிலும் மட்டும். ஹெரிஃபோர்ட்ஷயர் படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது. ஆகவே லாங்டவுன் குடும்பம் வீட்டில் வேல்ஷ் பேசியதா என்பதைச் சென்சஸ் சொல்லாது. ஆனால் 1563ஆம் வருடச் சட்டம் பைபிளையும் ஜெப நூலையும் வேல்ஷில் மொழிபெயர்க்கும் பொறுப்பை ஒப்படைத்த பேராயர்களில் வேல்ஸின் நான்கு பேரோடு ஹெரிஃபோர்ட் பேராயரும் ஒருவர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்த மொழி எவ்வளவு புழங்கியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

கோயில் பதிவேடுகள்

1837க்கு முன்னால் போக வேண்டுமென்றால் பாரிஷ் பதிவேடுதான். 1538இல் ஆணை பிறந்தது. ஆனால் அந்த வருடத்திலிருந்தே பதிவேடு தப்பிப் பிழைத்த பாரிஷ்கள் கொஞ்சம்தான். எலி, ஈரம், அசிரத்தை எல்லாம் தின்றது போக மிச்சம்தான் நமக்கு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒவ்வொரு பாரிஷும் வருடாவருடம் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. மூலம் தொலைந்தாலும் நகல் தப்பியிருக்கலாம். எந்தப் பேராயருக்கு என்பதற்குத்தான் முன்னால் போட்ட அட்டவணை. பதிவேடு ஹெரிஃபோர்டில், நகல் அபரிஸ்ட்வித்தில் என்று பிரிந்து கிடப்பது இங்கே சகஜம்.

ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். எல்லையின் இரு பக்கத்துப் பதிவுகளும் அதில் நிறைய இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் கட்டணத் தளத்தில் வேல்ஸ், ஷ்ராப்ஷயர் பாரிஷ் பதிவேடுகளின் படங்களே உண்டு. அட்டவணையில் பெயர் வரவில்லை என்றால் படத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் படியுங்கள். வேல்ஷ் பெயரை ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி, அதை இந்தக் காலத்தில் இன்னொருவர் கண்ணில் பட்டபடி தட்டச்சு செய்திருப்பார். இரண்டு முறை திரிந்த பெயரைத் தேடுபொறி கண்டுபிடிக்காது, கண்தான் கண்டுபிடிக்கும்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. 1752 வரை இங்கே புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. பதிவேட்டில் ‘1720 பிப்ரவரி’ என்று இருந்தால் நம் கணக்கில் அது 1721. டிசம்பரில் கல்யாணமாகி, அதே வருடப் பிப்ரவரியில் குழந்தை என்று கண்டால் பதறாதீர்கள். இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. சரி, அப்போதும் கொஞ்சம் அவசரம்தான், ஆனால் அது அவர்கள் பாடு. 1733 வரை லத்தீன் வாசகங்களும் வரும். பத்திருபது சொற்களைத் தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம்.

ஞானஸ்நானம் கிடைக்கவே இல்லை என்றால் குடும்பம் வேறு சபையாக இருக்கலாம். லாங்டவுனுக்கு மேலே இருக்கும் ஆல்கன் பள்ளத்தாக்கில் 17ஆம் நூற்றாண்டிலேயே பாப்டிஸ்ட்கள் கூடினார்கள். பாப்டிஸ்ட்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பிறப்பை மட்டும் குறித்து வைப்பார்கள், அல்லது அதையும் செய்ய மாட்டார்கள். 1837க்குப் பிறகு அரசு வாங்கிச் சேர்த்த இத்தகைய சபைப் பதிவேடுகள் இப்போது லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் வந்துவிட்டன. ஆனால் 1754 முதல் 1837 வரை யூதர்களும் குவேக்கர்களும் தவிர மற்ற எல்லோரும் அரசுச் சபையின் கோயிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே எவ்வளவு தீவிரமான பாப்டிஸ்டாக இருந்தாலும் கல்யாணப் பதிவு பாரிஷில் கிடைக்கும்.

பெயர்க் குழப்பம்

நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான் பழைய வேல்ஷ் வழக்கமும். ஹவெல் மகன் ரீஸ் என்றால் ‘ரீஸ் ஆப் ஹவெல்’. அவன் மகன் ஜான் ‘ஜான் ஆப் ரீஸ்’. தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். ஆங்கிலச் சட்டமும் குமாஸ்தாக்களும் நெருக்க நெருக்க, ஏதோ ஒரு தலைமுறையில் அது உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. ஆப் ஹவெல் பவல் ஆயிற்று, ஆப் ரீஸ் ப்ரைஸ் அல்லது ப்ரீஸ், ஆப் ஹாரி பாரி, ஆப் ராசர் ப்ராசர், ஆப் ராபர்ட் ப்ராபர்ட், ஆப் ஹ்யூ ப்யூ. வாட்கின்ஸ், ஜென்கின்ஸ் போன்றவை பின்னால் ‘ஸ்’ சேர்ந்து வந்தவை.

நடைமுறையில் என்ன செய்வது? 17ஆம் நூற்றாண்டுக்குப் போகும்போது, மகனுடைய குடும்பப் பெயர் அப்பாவின் முதற்பெயராக இருக்கலாம் என்று நினைத்துத் தேடுங்கள். தாமஸ் வாட்கினின் அப்பா வாட்கின் ப்ராசராக இருக்கலாம். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயரிலேயே இருப்பதும் உண்டு, அதனால் விதவையின் உயிலை இரண்டு பெயரிலும் தேடுங்கள். முதற்பெயர்களும் அந்தக் காலத்தில் ஒரு கைப்பிடிதான்: ஜான், வில்லியம், தாமஸ், மேரி, ஆன். இப்படிப்பட்ட ஊரில் ஆளை அடையாளம் காட்டுவது பண்ணைப் பெயர். அக்கம்பக்கத்தில் யாரும் ‘வில்லியம் வாட்கின்ஸ்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள், எந்தப் பண்ணை வில்லியம் என்றுதான் கேட்டிருப்பார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதுங்கள்: பெயர், வருடம், பண்ணை.

உயில்

ஒரு காகிதம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் உயிலைப் பாருங்கள் என்பேன். 1858 ஜனவரி 12க்கு முன் உயில்களைச் சபை நீதிமன்றங்கள்தான் நிரூபித்தன, அதாவது செல்லும் என்று ஏற்றுக்கொண்டன. கிளாடாக் உயில்கள் பிரெக்கன் நீதிமன்றத்துக்குப் போயின. இது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேல்ஸின் சபை நீதிமன்றங்களில் நிரூபித்த உயில்களின் படங்களைத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. மொத்தம் 1,90,000க்கும் மேல். ஹெரிஃபோர்ட்ஷயர் விவசாயியின் உயிலை வேல்ஸ் நூலகத் தளத்தில் தேட வேண்டும் என்பது தெரியாமல் ‘உயில் இல்லை’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. பேராயம் மாறிய 1852க்கும் 1858க்கும் நடுவில் இறந்தவர் என்றால் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் சொத்து வைத்திருந்த பணக்காரர் என்றால் கேன்டர்பரி சபை நீதிமன்றம், அதன் உயில்கள் கியூவில். 1858க்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை.

உயிலோடு சேர்ந்து 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சொத்துப் பட்டியல் ஒன்று வரும். அதைத் தவறவிடாதீர்கள். இறந்தவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வந்து, ஒவ்வொன்றாக விலை மதித்து எழுதுவார்கள். வழக்கமாக முதல் வரி ‘உடுத்திய துணிகளும் பையில் இருந்த பணமும்’. அடுத்து உழவு மாடுகள், கறவைகள், கிடாரிகள், ஆடுகள், ஒரு குதிரை. பிறகு வயலில் நிற்கும் தானியம், களஞ்சியத்தில் வைக்கோல். வீட்டுக்குள் வந்தால் அறை அறையாகப் படுக்கை, பித்தளை, ஈயப் பாத்திரம். கடைசி வரி அநேகமாக ‘மறந்துபோனதும் கண்ணில் படாததும்’ என்று சில ஷில்லிங். தொகைகள் ரோமன் எண்ணில் இருக்கும், கடைசி ‘ஐ’ வால் நீண்டு ‘ஜே’ ஆகியிருக்கும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் அடிக்கடி உதைக்கும், எழுதியவர்களின் கணக்கு அப்படி. நிலம் இந்தப் பட்டியலில் வராது. அதனால் தொகை சின்னது என்பதற்காக ஆள் ஏழை என்று நினைக்க வேண்டாம். விலை மதித்தவர்களின் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் மைத்துனராகவோ சம்பந்தியாகவோ இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

ஒன்றுமில்லாதவர்களின் காகிதங்கள்

உயில் எழுத எதுவும் இல்லாத கூலிக்காரர்களைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. 1662ஆம் வருடச் சட்டப்படி, ஏழைக்குச் சோறு போடும் கடமை அவருடைய சொந்தப் பாரிஷுக்கு. எனவே யாராவது நொடித்துப்போனால் உடனே விசாரணை: எங்கே பிறந்தாய், எந்தச் சந்தையில் யாரிடம் ஒரு வருடக் கூலிக்குப் போனாய், என்ன சம்பளம், முழு வருடம் இருந்தாயா? ஒரு முழு வருடம் வேலை செய்திருந்தால் அந்தப் பாரிஷில் உரிமை வந்துவிடும் என்பதால், பல பண்ணையார்கள் வருடம் முடியச் சில நாள் முன்பே கணக்குத் தீர்த்துவிடுவார்கள். இந்த விசாரணைக் காகிதம் கிடைத்தால் ஒரு கூலிக்காரரின் சுயசரிதையே கையில் கிடைத்த மாதிரி.

விசாரணைக்குப் பின் வெளியேற்ற ஆணை வரும். கிளாடாக்கிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் கும்யோய் பாரிஷுக்கு ஒரு விதவையையும் குழந்தைகளையும் அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய பாரிஷ் பெட்டியில் ஒரு நகல், ஏற்றுக்கொண்ட பாரிஷ் பெட்டியில் ஒரு நகல், மேல்முறையீடு போயிருந்தால் கவுண்டி நீதிமன்றக் கட்டில் இன்னொன்று. ஒன்று ஹெரிஃபோர்ட் காப்பகத்தில், மற்றது எப்பு வேலில் பழைய இரும்பாலை அலுவலகத்துக்குள் இயங்கும் க்வென்ட் ஆவணக் காப்பகத்தில். ஒன்று தொலைந்திருந்தால் மற்றதைத் தேடலாம். எல்லையோரம் தரும் சின்ன லாபம் இது. 1834க்குப் பிறகு இந்த வேலை பாரிஷிடமிருந்து சங்கங்களுக்குப் போனது. கிளாடாக்குக்கு டோர் சங்கம். ஏழைகள் விடுதி இருந்த இடம் அபே டோர்.

நிலமும் வரைபடமும்

1836ஆம் வருடத் தசமபாகச் சட்டத்தால் நமக்கு ஒரு பெரிய வரவு. கோயிலுக்குத் தானியமாகக் கொடுத்த பத்தில் ஒரு பங்கைப் பணமாக மாற்றுவதற்காக வயல் வயலாக அளந்து வரைபடம் போட்டார்கள். கூடவே ஒரு பட்டியல்: வயல் எண், வயல் பெயர், உரிமையாளர், குத்தகைக்காரர், பரப்பு, என்ன பயிர். வேல்ஸ் பாரிஷ்களுக்கு இந்த வரைபடங்களைத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஹெரிஃபோர்ட்ஷயருக்குக் கவுண்டிக் காப்பகத்தில் கேளுங்கள். அந்தக் கவுண்டியின் வயல் பெயர்களை உள்ளூர் ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து மண்ணிலும் ‘கே’, ‘மைஸ்’, ‘பான்ட்’ என்று வேல்ஷ் வயல் பெயர்கள் வரிசையாக வரும்போது, சென்சஸ் சொல்லாததை நிலம் சொல்லிவிடும்.

அப்புறம், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம். பெயர் ஸ்காட்லாந்தாக இருந்தாலும் இங்கிலாந்து, வேல்ஸ் பழைய அளவை வரைபடங்களும் அதில் இலவசம். ஒரு பக்கம் 19ஆம் நூற்றாண்டு வரைபடம், மறு பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று வைத்துப் பார்க்கலாம். இடிந்து மறைந்த பண்ணைவீடுகளை இப்படித்தான் பிடிக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டுக்கு 1910ஐ ஒட்டிய நில மதிப்பீட்டுப் பதிவும், 1941 முதல் 1943 வரை எடுத்த பண்ணைக் கணக்கெடுப்பும் கியூவில் உள்ளன.

செய்தித்தாளும் வழக்கும்

வேல்ஸ் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் 1919 வரை இலவசம். அபர்கவென்னி, பிரெக்கன் பத்திரிகைகள் எல்லைக்கு இந்தப் பக்கச் செய்தியையும் தாராளமாகப் போட்டன, காரணம் லாங்டவுன்காரர்கள் மாடு விற்கப் போனது அபர்கவென்னிக்கு. 1832இல் ஆரம்பித்த ஹெரிஃபோர்ட் டைம்ஸுக்குக் கட்டணத் தளம்தான். 1881இல் வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் சட்டம் வந்த பிறகு, எல்லை தாண்டிக் குடிக்க வந்தவர்களைப் பற்றிய செய்திகளையும் தேடிப் பாருங்கள். மூதாதையர் குணவதியாகவோ குணவானாகவோதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆடு திருட்டு வழக்கு என்றால் ஆடு எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். பிரெக்னாக்ஷயர் என்றால் கிரேட் செஷன்ஸ். 1730 முதல் 1830 வரை அதன் குற்ற வழக்குகளின் அட்டவணை தேசிய நூலகத் தளத்தில் இலவசம். ஹெரிஃபோர்ட்ஷயர், மான்மத்ஷயர் என்றால் ஆக்ஸ்ஃபோர்ட் சுற்று நீதிமன்றம், கட்டுகள் கியூவில்.

19ஆம் நூற்றாண்டில் ஆள் திடீரென்று மாயமானால் பெரும்பாலும் தெற்கே போயிருப்பார். அபர்கவென்னிக்கு அப்பால் பிளெனாவன், ட்ரெடீகர், எப்பு வேல் என்று இரும்பாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஆள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஹெரிஃபோர்ட், அபர்கவென்னி, நியூபோர்ட்டை இணைத்த ரயில் 1854இல் ஓடத் தொடங்கியதும் போவது இன்னும் சுலபமாயிற்று. அங்கே சென்சஸில் ‘பிறந்த ஊர்: லாங்டவுன்’ என்று தேடுங்கள்.

நேரில் போகும்போது

முன்பதிவு செய்யாமல் எந்தக் காப்பகத்துக்கும் போகாதீர்கள். ஹெரிஃபோர்ட்ஷயர் காப்பகம் நகருக்குள் இல்லை, ராதர்வஸ்ஸில். ராட்நார்ஷயர், பிரெக்னாக்ஷயர், மான்ட்காமரிஷயருக்கு லாண்ட்ரிண்டாட் வெல்ஸில் உள்ள போவிஸ் காப்பகம். முகவரிச் சான்று, பென்சில், புகைப்படக் கட்டணத்துக்குக் காசு எடுத்துப் போங்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை. ஆவண எண்களை வீட்டிலேயே பட்டியலிட்டுக்கொண்டு போனால் அங்கே நேரம் மிச்சம்.

கிளாடாக் கோயிலுக்குப் போனால் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நிற்காமல் உள்ளேயும் போங்கள். மூன்றடுக்குப் பிரசங்க மேடையும் பின்பக்கத்து மர மாடமும் அப்படியே இருக்கின்றன. உங்கள் ஆட்கள் உட்கார்ந்து பிரசங்கம் கேட்ட இடம். கிளாடாக் என்ற பெயருக்குரிய கிளிடாக் ஒரு குறுநில மன்னன், வேட்டையில் கொல்லப்பட்டான், அவன் உடலை ஏற்றிய வண்டி மாடுகள் மன்னோ ஆற்றைத் தாண்ட மறுத்து நின்ற இடத்தில் கோயில் எழும்பியது என்பது ஐதீகம். வெளியே கல்லறைகளுக்கு உள்ளூர்ச் செம்மணற்கல்தான். ஏடு ஏடாக உரிந்துவிடும். சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பக்கத்துக் கல்லையும் சேர்த்து எடுங்கள்.

தேடிக் கிடைக்காததையும் எழுதி வையுங்கள்: எந்தப் பதிவேடு, எந்த வருடங்கள், எந்தெந்த எழுத்துக்கூட்டில் பார்த்தோம். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மட்டும் பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டாம்.

ஓர் இடத்தில் முட்டி நின்றால் உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். ஹெரிஃபோர்ட்ஷயர், போவிஸ், க்வென்ட் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் உண்டு. இந்தக் குறிப்பிட்ட மூலைக்கென்றே யூயஸ் லேசி ஆய்வுக் குழு இருக்கிறது. 1851இல் தொடங்கிய வுல்ஹோப் கழகத்தின் ஆண்டு மலர்களில் பல கோயில்களையும் கோட்டைகளையும் பற்றிக் கட்டுரைகள் கிடைக்கும். கேட்கும்போது ‘வாட்கின்ஸ் குடும்பம் பற்றிச் சொல்லுங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. பெயர், ஏறத்தாழ எந்த வருடம், எந்தப் பண்ணை, இதுவரை எங்கெல்லாம் பார்த்தீர்கள், குறிப்பாக என்ன தெரிய வேண்டும் என்று ஐந்தாறு வரியில் எழுதுங்கள்.